காட்டுப்பன்றிக்கு ரைஃபிளை எத்தனை மீட்டரில் ஸீரோ செய்வது?

கேள்வி இது: கையில் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று போல்ட் ஆக்‌ஷன் .308, இன்னொன்று ஏஆர் வகை (ஏஆர்-15 போன்ற அரைத்தானியங்கி) .223. எண்கள் தோட்டாவின் வகையைச் சொல்பவை. இரண்டும் காட்டுப்பன்றிக்காகவே. ஒரு நண்பர் 50 மீட்டரில் ஸீரோ செய்ய, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தி வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் 100 என்கிறார். மூன்றாமவர், "25 மீட்டரில் சேர்த்துவிடு, 200 மீட்டரிலும் அதே இடத்தில் போய் விழும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நீங்கள் உரிமமும் வேட்டை அனுமதியும் உள்ளவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இரண்டையுமே 100 மீட்டரில் வையுங்கள். 25 சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கணக்கு உங்கள் இரண்டு ரைஃபிள்களில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். மற்றதில் அதைச் செய்தால் பன்றியின் முதுகு மயிரைத்தான் சிரைப்பீர்கள். 50 சொன்னவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

குண்டு குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே கீழே விழத் தொடங்கிவிடுகிறது. நேராகப் போய்விட்டுப் பிறகு விழுவதில்லை. "குண்டு முதலில் மேலே ஏறும்" என்று பலர் சொல்வதன் பொருள், குழல் பார்வைக்கோட்டுக்குச் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதன் பார்வைக்கோடு நேர்க்கோடு. குண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்து, சாய்வின் தயவில் அதை ஓரிடத்தில் கீழிருந்து மேலாக வெட்டிக் கடந்து, கொஞ்சம் மேலே போய், மறுபடி வேறோரிடத்தில் மேலிருந்து கீழாக வெட்டுகிறது. இந்த இரண்டாவது வெட்டைத்தான் வழக்கமாக ஸீரோ என்கிறோம். 25-க்கும் 200-க்கும் உறவு வருவது இதனால்தான்: முதல் வெட்டு 25-இல், இரண்டாவது 200-இல். இந்த உறவைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று குண்டின் வேகம். மற்றொன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: ஸ்கோப் குழலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது.

இனி பன்றிக்கு வருவோம். ஸீரோ தூரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து அல்ல, பன்றியின் உடம்பைப் பார்த்து. மான் வேட்டையில் பழகியவர்கள் முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் குறி வைப்பார்கள். பன்றியில் அங்கே சுட்டால் குண்டு ஈரலிலோ இரைப்பையிலோதான் போய் விழும். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னால், கீழே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் பன்றியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நேர் மேலே போங்கள். அடிவயிற்றிலிருந்து உடம்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதுதான் இடம். வளர்ந்த ஆணாக இருந்தால் அந்தச் சப்பையின் மேல் கெட்டிப்பட்ட குருத்துத்தோல் ஒரு கேடயம்போலப் போர்த்தியிருக்கும். நல்ல வேட்டைக் குண்டு அதைக் கடந்து போகும். முயல், நரிக்கென்று செய்த, பட்டவுடன் சிதறும் மெல்லிய குண்டு சில சமயம் அங்கேயே உடைந்து நிற்கும். .223 வைத்திருப்பவர்கள் ஸீரோவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலை, பிடரி மயிர். பன்றியின் முதுகு மேல்கோடு என்று நீங்கள் காண்பது முதுகெலும்பு அல்ல. மயிரும், தோலும், கொழுப்பும், முள்ளெலும்புகளின் நீண்ட மேல்முனைகளும் சேர்ந்த திமில். உண்மையான தண்டுவடம் அதற்கு வெகு கீழே ஓடுகிறது. அதனால் குண்டு கொஞ்சம் மேலே போனால் ஒரு விசித்திரம் நடக்கும். அந்த மேல்முனையைத் தட்டிய அதிர்ச்சியில் பன்றி நின்ற இடத்திலேயே பொத்தென்று விழும். சுட்டவர் எழுந்து கைகுலுக்கிக்கொள்வார். அரை நிமிடத்தில் பன்றி எழுந்து புதருக்குள் போய்விடும், ரத்தமும் அதிகம் இருக்காது. "நல்லாத்தான் பட்டுச்சு, ஆனா எழுந்து ஓடிருச்சு" என்று நான் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை குண்டு மேலே போன கதைகள். இதை மனத்தில் வையுங்கள். பன்றியில் குண்டு மேலே போவது ஆபத்து.

குறியிடத்தின் அளவு எவ்வளவு? பெரிய பன்றிக்கு 15 செ.மீ. விட்டமுள்ள வட்டம் என்று சொல்லலாம். ஆனால் கூட்டத்தில் வருபவை எல்லாம் பெரியவை அல்ல. 30 கிலோ இளம் பன்றிக்கு 10 செ.மீ. என்று எடுத்துக்கொள்வதே நேர்மை. காதுக்குப் பின்னால் மூளையை நோக்கிச் சுடுபவர்களுக்கு இடம் அதைவிடச் சிறிது. பன்றியின் தலை பெரிது, மூளை ஒரு கைமுட்டி அளவுகூட இல்லை. ஆகவே குண்டின் பாதை பார்வைக்கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ 5 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்ற கணக்கோடு போகிறேன். பல பட்டியல்கள் 7.5 செ.மீ. வரை விடுகின்றன. அப்படி விட்டால் வேறு தவறுகளுக்கு இடமே மிச்சம் இருக்காது. உங்கள் ரைஃபிள் 100 மீட்டரில் 4 செ.மீ. குழு போட்டால், அதாவது அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் 4 செ.மீ. அகலத்தில் சிதறினால், மையத்திலிருந்து 2 செ.மீ. ஏற்கெனவே போயிற்று. சுடும் கோலில் சாய்த்து, மூச்சு வாங்க நிற்கும்போது உங்கள் கை எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதை நீங்களே ஒருநாள் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். பெஞ்சில் மணல் மூட்டை வைத்துச் சுட்ட குழுவைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

உங்கள் .308-ஐ எடுத்துக்கொள்வோம். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, வினாடிக்குச் சுமார் 860 மீட்டர், ஸ்கோப் குழல் மையத்திலிருந்து 4 செ.மீ. மேலே. 200 மீட்டரில் ஸீரோ செய்தால், முதல் வெட்டு 25 மீட்டர் பக்கத்தில் வரும். இதுவரை மூன்றாம் நண்பர் சொன்னது அப்படியே சரி. ஆனால் 50 மீட்டரில் குண்டு சுமார் 3 செ.மீ. மேலே, 100-இல் 6 செ.மீ. மேலே, 150-இல் 5 செ.மீ. மேலே போகும். 100 மீட்டரில் ஸீரோ செய்தால் கதை வேறு. 25-இல் ஒன்றரை செ.மீ. கீழே, 50-இல் பார்வைக்கோட்டின் மேலேயே, 75-இல் அரை செ.மீ.கூட உயராது, 100-இல் சரியாக, 150-இல் 4 செ.மீ. கீழே, 200-இல் 12 செ.மீ. கீழே.

இந்த இரண்டாவது வரிசையைக் கவனியுங்கள். 100 மீட்டர் ஸீரோவில் குண்டு பார்வைக்கோட்டை வெட்டிக்கொண்டு மேலே ஏறுவதே இல்லை எனலாம். கீழிருந்து வந்து, கோட்டை உரசிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, கீழே இறங்கிவிடுகிறது. எந்தத் தூரத்திலும் சொல்லும்படி மேலே போவதில்லை என்பதால், நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒரு திசை மட்டும்: சந்தேகம் வந்தால் கொஞ்சம் உயர்த்து, ஒருபோதும் தாழ்த்தாதே. 200 ஸீரோவில் இரண்டு திசை. நடுத்தூரத்தில் தாழ்த்த வேண்டும், தொலைவில் உயர்த்த வேண்டும். பகலில், நிதானமாக, மேஜைமுன் உட்கார்ந்திருக்கும்போது இது சின்ன விஷயம். இருட்டில், ஏழு பன்றி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும்போது, மனம் இரண்டு திசையை வைத்துக்கொள்ளாது.

நானே இதற்குச் சாட்சி. ஆரம்ப வருஷங்களில் என் .308 200-இல்தான் இருந்தது. ரைஃபிளின் திறமை முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை. ஒருநாள் விடியலில் ஒரு பன்றி சுமார் 90 மீட்டரில், தலையை மண்ணில் புதைத்துத் தோண்டிக்கொண்டு, அசையாமல் நின்றது. சப்பையைச் சுட்டிருக்கலாம். கொழுப்பெடுத்துக் காதுக்குப் பின்னால் குறி வைத்தேன். துப்பாக்கி சரியாக வெடித்தது, என் பிடியும் சுத்தம், பன்றி மட்டும் போய்விட்டது. பின்னால் இருந்த மண்மேட்டில் குண்டு பட்ட புழுதியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அன்று மதியம் அதே 90 மீட்டரில் காகிதம் ஒட்டிச் சுட்டேன். மூன்றும் குறிக்கு 6 செ.மீ. மேலே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. ரைஃபிள் நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அதற்கு நான் சொன்னது 200 மீட்டர் மானுக்கான கட்டளை.

பன்றி எந்தத் தூரத்தில் சுடப்படுகிறது என்பதையும் நேர்மையாக யோசியுங்கள். தீவனம் போட்ட இடத்தில் காத்திருப்பவர்கள் 50 முதல் 100 மீட்டருக்குள் சுடுகிறார்கள். புதர் நடுவே பதுங்கிப் போகிறவர்கள் 30, 40-இல். திறந்த வயலில் மேயும் கூட்டத்தைச் சுடும்போதுதான் 150, 200 வருகிறது. கடைசியாகச் சுட்ட பத்துப் பன்றிகளின் தூரத்தை நினைவுபடுத்தி எழுதிப் பாருங்கள். தூரமானி வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நினைவு தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பத்தில் எட்டு 120-க்குள் இருந்தால் 200 ஸீரோ எதற்கு? அரிதாக வரும் இரண்டுக்காக, அடிக்கடி வரும் எட்டையும் கெடுத்துக்கொள்வதாகும்.

இப்போது ஏஆர். இங்கேதான் 25 மீட்டர் ஆலோசனை கவிழ்த்துவிடும். இந்த வகை ரைஃபிளில் பின்கட்டை குழலின் நேர்க்கோட்டில் இருக்கிறது. கன்னம் வைத்துப் பார்க்க ஸ்கோப்பை உயரமாக ஏற்றியாக வேண்டும். குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையத்துக்கு ஆறரை செ.மீ. சாதாரணம், ஏழும் உண்டு. 4 செ.மீ. உயர ஸ்கோப்பில் 25-இல் கோட்டைத் தொட, குண்டுக்கு லேசான சாய்வு போதும். ஆறரை செ.மீ. உயரத்தை அதே 25 மீட்டருக்குள் ஏறிக் கடக்க வேண்டுமானால் குழலை வெகுவாக நிமிர்த்த வேண்டும். அந்தச் சாய்வோடு 55 கிரெய்ன் .223 குண்டு 100 மீட்டரைத் தொடும்போது பார்வைக்கோட்டுக்குச் சுமார் 15 செ.மீ. மேலே பறக்கும், 200-இல் இன்னும் மேலே. நடுத்தரப் பன்றியின் உடம்பு உயரம் 45 செ.மீ. என்று வைத்தால், நீங்கள் அடியிலிருந்து 15-இல் குறி வைக்கிறீர்கள், குண்டு 30-இல் போகிறது. அதாவது அந்தத் திமிலுக்குள். விழும், எழும், ஓடும்.

இப்படி ஒருவர் ஒரு பருவம் முழுக்கத் தோட்டாவை மாற்றி மாற்றிப் பார்த்ததை அறிவேன். 25 மீட்டரில் அவர் ரைஃபிள் ஒரே ஓட்டையில் சுடும். ஆகவே ஸீரோ சரி, தோட்டாவுக்குத்தான் பலம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். 100 மீட்டரில் ஒரு காகிதத்தை அவர் ஒட்டிப் பார்க்கவேயில்லை.

50 சொன்ன நண்பரின் நியாயம் ஏஆரில்தான் இருக்கிறது. உயரமான ஸ்கோப்போடு .223-ஐ 50-இல் ஸீரோ செய்தால் இரண்டாவது வெட்டு ஏறத்தாழ 200-இல் வரும். இடையில் 100-இலும் 150-இலும் மூன்று நான்கு செ.மீ. மேலே இருக்கும், 25-இல் 3 செ.மீ. கீழே. என் 5 செ.மீ. எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ரைஃபிளை 100-இல் வைத்தால் 50-இல் 2 செ.மீ. கீழே, 150-இல் 2 செ.மீ. கீழே. 50 முதல் 150 வரை விலகல் 2 செ.மீ.தான். 170 வரை 5 செ.மீ.க்குள் நிற்கும், 200-இல் குழல் நீளத்தைப் பொறுத்து 7 முதல் 9 செ.மீ. கீழே போகும். திறந்த வெளியில் 200 மீட்டரில் அடிக்கடி சுடுகிறீர்கள் என்றால் 50 ஸீரோவை எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை போட மாட்டேன். மற்றவர்களுக்கு 100.

50 ஸீரோவை எடுப்பவர்களும் அதை 50-இல் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. 50-இல் ஒரு செ.மீ. தவறு 200-இல் 4 செ.மீ. ஆகும். 25-இல் அரை செ.மீ. தவறும் 200-இல் அதே 4 செ.மீ. கிட்டத்தில் எல்லாக் குழுவும் அழகாக இருக்கும், தவறு கண்ணில் படாது. ஆகவே எந்த ஸீரோ ஆனாலும் தொலைவில் ஒருமுறை சுட்டு உறுதி செய்யுங்கள்.

உயரமான ஸ்கோப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 10, 15 மீட்டரில், புதருக்குள் காயம்பட்ட பன்றியை முடிக்கும்போது, குண்டு ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டுக்கு (குறி வைக்கும் சிலுவைக் கோடு) 5 செ.மீ. கீழே போகும். எந்த ஸீரோவும் இதைச் சரி செய்யாது, அது ஸ்கோப்பின் உயரம், அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் முடிக்க நினைத்தால் குறுக்குக்கோட்டை அந்த 5 செ.மீ. உயர்த்தி வையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் மறக்கும் விஷயம் இது. அதே காரணத்தால் குழல் முனை மறைப்புக்கு மேலே வந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஸ்கோப்பில் பன்றி தெளிவாகத் தெரியும், குழலுக்கு நேரே ஒரு வேலிக்கட்டை இருக்கும்.

இரவு வேட்டையில் தெர்மல் ஸ்கோப் (வெப்பத்தைப் படமாகக் காட்டுவது) வைத்திருப்பவர்களுக்கு 100 மீட்டர் ஸீரோ இன்னும் அதிகமாக உதவும். தெர்மலில் நிழல் இல்லை, தரையின் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியாது, தூரத்தை மதிப்பிடக் கண்ணுக்குப் பிடிமானமே கிடைக்காது. 30 கிலோ இளம் பன்றி 60 மீட்டரில் நிற்பதும் 90 கிலோ பன்றி 85 மீட்டரில் நிற்பதும் திரையில் ஒரே உயரம்தான். எடை மூன்று மடங்கானால் உயரம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. 100 ஸீரோவில் இந்தக் குழப்பம் உங்களைத் தொடாது, 60-க்கும் 85-க்கும் குண்டுப் பாதையில் ஒரு செ.மீ. வித்தியாசம்கூட வராது.

தெர்மலை ஸீரோ செய்வதே தனி வித்தை. காகிதத்தில் கறுப்பு வட்டம் வரைந்து ஒட்டினால் அதற்கு ஒன்றும் தெரியாது, வெப்ப வேறுபாடு வேண்டும். கையைச் சூடாக்கும் சிறு பொட்டலம் ஒன்றை அட்டையில் ஒட்டினால் போதும். அலுமினியப் பட்டியைச் சிறு சதுரமாக வெட்டி ஒட்டி, அட்டையை வானம் பார்க்கச் சற்றுச் சாய்த்து வைத்தாலும் வேலை நடக்கும். அது வானத்தின் குளிர்ச்சியைப் பிரதிபலித்துக் கறுப்பாகத் தெரியும். பெரிய வெப்பப் புள்ளி வைக்காதீர்கள், மங்கலாகப் பரவி மையம் தெரியாமல் போகும். இன்னொன்று: 12 மைக்ரான் உணரியும் 35 மி.மீ. லென்ஸும் உள்ள தெர்மலில் ஒரு பிக்சல் 100 மீட்டரில் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. இடத்தை மூடுகிறது. சில கருவிகளில் ஒரு திருத்தப் படி என்பதே ஒரு பிக்சல்தான். அப்படிப்பட்டதில் அரை செ.மீ. துல்லியத்தைத் தேடித் தோட்டாவைக் கரைக்க வேண்டாம். கிட்டத்தட்ட வந்துவிட்டால், மேலே நிற்பதைவிடக் கீழே நிற்கும் படியைத் தேர்ந்தெடுங்கள். காரணம் முன்பே சொல்லிவிட்டேன்.

இனி வேலையை எப்படிச் செய்வது. முதலில் ஸ்கோப் உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள், மவுண்ட் விற்றவர் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரை, ஸ்கேல் வைத்து. பிறகு 25 மீட்டரில் தொடங்குங்கள். 25 மீட்டர் வேலைக்கு வரும் இடம் இதுதான்: பெரிய காகிதத்தில் குண்டு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க. 100 ஸீரோ வேண்டுமானால் 25-இல் குண்டு குறியில் விழக் கூடாது. தாழ்ந்த ஸ்கோப்புள்ள .308-க்கு ஒன்றரை செ.மீ. கீழேயும், ஏஆருக்கு 4 செ.மீ. கீழேயும் விழ வேண்டும். அங்கே கொண்டுவந்துவிட்டு 100-க்குப் போங்கள்.

100-இல் ஐந்து குண்டுக் குழு சுடுங்கள். மூன்று போதாது. மூன்று குண்டுகளின் மையம் தற்செயலாக ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது வெகு சகஜம், அதை நம்பித் திருகுபவர் அடுத்த மூன்றில் எதிர்ப்பக்கம் திருகுவார், பெட்டி காலியாகும். ஐந்தின் மையத்தைக் கண்டு, அதைத்தான் நகர்த்த வேண்டும், மிக அருகில் விழுந்த ஒரு குண்டை அல்ல. ஸ்கோப் திருகின் ஒரு படிதான் கிளிக்; அது கால் எம்ஓஏ (கோண அளவு) என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக் முக்கால் செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 0.1 மில் (இன்னொரு கோண அளவு) என்றால் சரியாக 1 செ.மீ. நகர்த்திய பிறகு இன்னொரு ஐந்து. நடுவில் குழலை ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் குழு நகரத் தொடங்கும், நீங்கள் சூட்டைத் துரத்திக்கொண்டு திருகிக்கொண்டிருப்பீர்கள். மணல் மூட்டை முன்கட்டையின் அடியில் இருக்க வேண்டும், குழலின் அடியில் அல்ல.

சைலன்சர் போட்டு வேட்டைக்குப் போகிறவர் அதைப் போட்டே ஸீரோ செய்யட்டும். குழல் முனையில் எடை கூடினால் குண்டு விழும் இடம் மாறும். தோட்டாவுக்கும் அப்படியே. காகிதத்துக்கு மலிவான ஒன்று, பன்றிக்கு விலையுயர்ந்த ஒன்று என்று பிரிப்பவர்கள் உண்டு. ஒரே எடை குண்டாக இருந்தாலும் விழும் இடம் 3, 4 செ.மீ. வேறுபடலாம். பயிற்சிக்கு மலிவானதைச் சுடுங்கள், ஸீரோவுக்கு வேட்டைத் தோட்டாவையே சுடுங்கள். எல்லாம் முடிந்து, துடைத்து வைத்த ரைஃபிளை மறுநாள் எடுத்து, குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டு அது எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்றிக்குப் போகப்போவது அந்த முதல் குண்டுதான்.

100-ஐ ஆதரிக்க இன்னொரு சின்னக் காரணம். இடமாறு தோற்றத்தைத் திருத்தும் திருகு இல்லாத பெரும்பாலான சென்டர்ஃபயர் (.308, .223 போன்ற தோட்டாக்களுக்கான) ஸ்கோப்புகள் தொழிற்சாலையிலேயே 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, அமைக்கப்பட்டு வருகின்றன. கண் சற்று விலகினாலும் குறுக்குக்கோடு குறியிலிருந்து நகராத தூரம் அது.

விதிவிலக்குகளுக்கு வருகிறேன். .300 பிளாக்அவுட் என்ற தோட்டா வகையில் ஒலியைவிட மெதுவாகப் போகும் 220 கிரெய்ன் தோட்டா சுடுபவர்கள் 50-இல் ஸீரோ செய்ய வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் குண்டு 75-இல் 6 செ.மீ. கீழே, 100-இல் 19 செ.மீ. கீழே போய்விடும். 100-இல் ஸீரோ செய்தால் நடுவில் பன்றிக்கு மேலே வானவில்போல வளையும். அதே ரைஃபிளில் வேகமான தோட்டாவையும் சுடுபவர் இரண்டுக்கும் தனித்தனி ஸீரோ வைத்துக்கொள்ள வேண்டும். பல டிஜிட்டல் ஸ்கோப்புகளில் அதற்கு வசதி உண்டு, எந்த ஸீரோ திரையில் இருக்கிறது என்று பார்க்க மறக்கும் வசதியும் கூடவே உண்டு. ஷாட்கன் ஸ்லக்குக்கும் (ஷாட்கனில் சுடும் ஒற்றைப் பெரிய குண்டு) 50. .30-30 போன்ற மெதுவான பழைய தோட்டாக்களுக்கு 100 பொருந்தும், ஆனால் 150-இல் 9 செ.மீ. இறங்கிவிடும் என்பதால் 125-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தில் ஏறி உட்கார்ந்து சுடுபவர்கள் கோணத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். 60 மீட்டரில் 30 பாகை கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு உணர்வது 52 மீட்டர் கிடைத்தூரத்தை. 100 ஸீரோவில் இரண்டும் ஒன்றுதான். கோணம் மாற்றுவது குண்டுப் பாதையை அல்ல, பன்றிக்குள் குண்டு போகும் வழியை. மேலிருந்து சுடும்போது நம் பக்கத்துத் தோலில் சற்று உயரத்தில் குறி வைத்தால்தான் குண்டு இதயத்தைக் கடந்து மறுபக்கம் தாழ்வாக வெளியேறும். ஓடும் பன்றிக்கு ஸீரோ பேச்சே வேண்டாம். வினாடிக்கு 5 மீட்டர் ஓடும் பன்றி, .308 குண்டு 100 மீட்டரைக் கடப்பதற்குள் 60 செ.மீ. நகர்ந்துவிடும். இரண்டு மூன்று செ.மீ. உயரத்தைப் பற்றி விவாதிப்பவர் அந்த 60-ஐ முதலில் பழகட்டும்.

என் .308-இன் பின்கட்டையில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் மூன்று வரி: 150-க்கு 4, 175-க்கு 7, 200-க்கு 12. 150 வரை குறுக்குக்கோட்டை நேராக இடத்தில் வைத்துச் சுடுகிறேன், அதற்கு மேல் தாளைப் பார்த்து உயர்த்துகிறேன். இந்த எண்கள் கணக்கில் வந்தவை, பிறகு அந்தந்தத் தூரத்தில் காகிதத்தில் சுட்டுச் சரிபார்த்தவை. உங்கள் குழலும் தோட்டாவும் வேறு எண்கள் தரும், அவற்றை நீங்களே சுட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 200-க்கு அப்பால் நான் ஒன்றும் எழுதவில்லை. பன்றிக்கு மூக்கு கூர்மை, கண் மந்தம். காற்று எதிர்முகமாக இருக்கும்வரை 250-இல் நிற்கும் கூட்டத்தை நோக்கி 100 மீட்டர் நடந்துவிடலாம்.